கத்தரி படாத துணி

என்னைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், சொன்னால் நான் சும்மா விடமாட்டேன் என்று தெரியும். முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள், அது எப்படியும் என் காதுக்கு வந்துவிடும். பொய்யில்லை. முப்பத்து நான்கு வருடம் நர்ஸாக வேலை பார்த்தேன், அத்தனை வருடமும் பயந்துகொண்டேதான் பார்த்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் அந்தப் பயம் என்னை விட்டபாடில்லை.

போன மாதம் கவிதா போன் செய்தாள். நான் இருந்த வார்டில் இப்போது அவள்தான் மூத்த நர்ஸ்.

"பெரிய சிஸ்டர், ஒரு சந்தேகம். கழுத்துக் குழாய்க்கு அடியில வைக்கிற ரெடிமேட் பேடு ஸ்டாக் தீந்துபோச்சு. சாதா காஸ் துணியை நடுவுல ஒரு வெட்டு வெட்டி வச்சிரட்டுமா?"

"ஏட்டி, கத்தரிக்கோலைக் கீழ வை மொதல்ல," என்றேன்.

நான் கத்தியதாக அவள் பிறகு எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். கத்தவில்லை. குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும். ஏன் வெட்டக்கூடாது என்று கேட்டாள். வெட்டிய ஓரத்திலிருந்து நூல் உதிரும், உதிர்ந்த நூல் துளைக்குள் போகும், அதனால் மடித்துத்தான் வைக்க வேண்டும் என்று சொன்னேன்.

"அம்புட்டுதானா?" என்றாள்.

அந்த 'அம்புட்டுதானா'வுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லி முடிகிற விஷயமாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன்.

தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். தொண்டையில் வழி அடைத்துக்கொண்டால் டாக்டர்கள் கழுத்தின் முன்பக்கத்தில் ஒரு துளை போட்டு, மூச்சுக்குழாய்க்குள் வளைந்த குழாய் ஒன்றை வைப்பார்கள். ட்ரக்கியாஸ்டமி என்று பெயர். அதற்குப் பிறகு அந்த ஆளுக்கு மூக்கும் வாயும் பேருக்குத்தான். அந்தக் குழாய்தான் மூச்சு. வெளிக்குழாய் ஒன்று கழுத்திலேயே நாடா போட்டுக் கட்டப்பட்டிருக்கும். அதற்குள் உள்குழாய் ஒன்று, எடுத்துக் கழுவித் திரும்பச் செருகுகிற மாதிரி. குழாய்க்கும் தோலுக்கும் நடுவில் சளியும் ஈரமும் கசியும். அதை உறிஞ்சத்தான் துணி. மூச்சு அந்த வழியாகவே போய்விடுவதால் பேச்சும் வராது. 'ஐயோ' என்று கத்தக்கூட முடியாது. எனக்கு எல்லாவற்றையும்விட அந்த 'ஐயோ' இல்லாததுதான் பயம்.

நான் ராஜபாளையத்துக்காரி. எங்கள் பக்கத்துத் தறிகளில் புண்ணுக்குப் போடும் பேண்டேஜ் துணி நெய்வார்கள். அப்பாவும் அந்தத் தறியில்தான் நின்றார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டு முற்றமெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும், நாங்கள் தலையில் சுற்றிக்கொண்டு கட்டுப் போட்ட நோயாளி மாதிரி விளையாடுவோம். மதுரையில் மூன்று வருடம் நர்சிங் படித்தேன். அங்கே முதல் நாள் காஸ் துணியைக் கையில் கொடுத்தபோது, 'இது எங்க ஊருத் துணி' என்று வகுப்பு முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. மற்றபடி அந்த மூன்று வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பரீட்சையில் பாஸ் செய்தேன்.

வேலைக்குச் சேர்ந்தது ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே எங்களுக்கு மேலே எஸ்தர் சிஸ்டர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஒல்லியான உருவம், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காலையில் வார்டுக்கு வந்ததும் வாசலில் நின்று கண்ணை மூடிக்கொள்வார். ஜெபம் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் வரும் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணைத் திறக்காமலே, "மூணாவது கட்டில்ல சளி சேந்திருக்கு, போய் எடு," என்பார். போய்ப் பார்த்தால் சேர்ந்திருக்கும்.

சளியை மெஷின் வைத்து உறிஞ்சுவதற்கு அவர் சொல்லித் தந்த முறை ஒன்று உண்டு. மெல்லிய ரப்பர் குழாயை உள்ளே விடும்போது நாமும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "உனக்கு எப்பம் மூச்சு முட்டுதோ, அப்பம் அவனுக்கு எப்பமோ முட்டிருச்சுன்னு அர்த்தம். வெளிய எடுத்துரு," என்பார். உறிஞ்சும்போது சளியோடு சேர்த்து உள்ளே இருக்கும் காற்றையும் நாம் இழுக்கிறோம் இல்லையா, அதனால். நான் அந்த நாளிலேயே அதிகம் தாங்கமாட்டேன், பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிடுவேன். "நீ பயப்படுத பாரு, அதுதான் நல்லது," என்று ஒரு தடவை சொன்னார். அவரிடம் நான் வாங்கிய ஒரே பாராட்டு அதுதான்.

இன்னொன்று, தலைமாட்டுப் பெட்டி. கழுத்துக் குழாய் உள்ள ஒவ்வொரு நோயாளியின் தலைமாட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதே அளவில் ஒரு குழாய், ஓர் அளவு சின்னதாக இன்னொரு குழாய், துளையை விரித்துப் பிடிக்கும் இடுக்கி, நாடா. தினம் காலையில் பெட்டியைத் திறக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒப்பிக்கச் சொல்வார். நாலாம் வகுப்பு வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்போம். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

பிற்பாடு, கொரோனா வந்தபோது, பிளாஸ்டிக் உடுப்பை மாட்டிக்கொண்டு வார்டுக்குள் நின்றேன். என் மூச்சுச் சத்தம்தான் எனக்குக் கேட்டது, கட்டிலில் இருந்தவர்களின் மூச்சு ஒன்றும் கேட்கவில்லை. கிருமியை நினைத்துப் பயப்பட எனக்கு நேரமே இருக்கவில்லை. காது அடைத்துப்போன பயம்தான் இருந்தது. புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பிள்ளைகள் என்னைப் பார்த்து, 'பெரிய சிஸ்டர் ஏன் ஒவ்வொரு ஆளு முன்னாலயும் கையை நீட்டிக்கிட்டு நிக்காங்க' என்று பேசிக்கொண்டார்களாம். உள்ளங்கையில் காற்றுப் படுகிறதா என்று பார்த்தேன், வேறென்ன.

சரி, கணேசனுக்கு வருகிறேன்.

கணேசன் வந்தது எனக்கு வேலை பழகி ஏழெட்டு வருடம் ஆன பிறகு. பேண்டேஜ் தறி ஓட்டுகிறவர், நாற்பது வயதிருக்கும். தொண்டையில் கட்டி. மதுரையில் கழுத்துத் துளை போட்டு, உடம்பு கொஞ்சம் தேறட்டும், பிறகு கரண்டு வைத்தியத்துக்கு, அதுதான் ரேடியேஷனுக்கு, வரலாம் என்று எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். கட்டி மேல்வழியை முழுக்க அடைத்துவிட்டது. வாய் வழியாகத் துளிக் காற்றும் போகாது. "இவருக்கு ஒரே வாசல்தான்," என்று டாக்டர் எங்களிடம் சொன்னார். கூப்பிட வேண்டுமானால் தட்டுவதற்கு ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும், எழுதிக் காட்ட ஒரு சிலேட்டும் கொடுத்திருந்தோம்.

கூட இருந்தது அவர் மனைவி பேச்சியம்மாள். அவளும் அதே தறிக்கூடத்தில்தான், நெய்த துணியை அளவாக வெட்டி அடுக்குகிற வேலை. சுறுசுறுப்பான பொம்பளை. வந்த இரண்டாம் நாளே உள்குழாயைக் கழுவப் பழகிவிட்டாள். நான் சொல்வதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நிற்பாள். 'நீ நர்ஸுக்குப் படிச்சிருக்கணும்ட்டி' என்று நான் அவளைக் கேலி செய்வேன்.

அது ஆனி மாதம். மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கி ஊரையே உலர்த்துகிற காலம். சளி சீக்கிரம் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், நாங்கள் துளைமேல் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போடுவோம். குழாய்க்கு அடியில் காஸை நீளவாக்கில் மடித்து, இரண்டு பக்கமும் சொருகி வைக்க வேண்டும். எஸ்தர் சிஸ்டரின் முறை அது. அது நிற்கவே நிற்காது. கணேசன் தலையைத் திருப்பினால் நழுவிவிடும். கழுத்தில் தோல் வெந்து சிவந்துவிட்டது.

எஸ்தர் சிஸ்டர் தங்கை மகள் கல்யாணத்துக்காக நாலு நாள் லீவில் போனார். அவர் போன மறுநாள் நான் அந்தத் துணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பேச்சியம்மாள் சிரித்தாள்.

"என்ன சிஸ்டர், இதுக்குப் போயி இந்தப் பாடு படுதீக? நடுவுல ஒரு வெட்டு வெட்டுனா குழாயைச் சுத்திக் கச்சிதமா ஒக்காந்துருமே. குடுங்க, நான் வெட்டித் தாரேன்."

அங்கேதான் நான் கெட்டேன். வெட்டக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஏன் என்பதும் தெரியும், எஸ்தர் சிஸ்டர் என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தச் சட்டம் துணியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்குப் போட்ட சட்டம் என்று எனக்கு ஒரு நினைப்பு. பிறந்ததிலிருந்து இந்தத் துணியிலேயே புரண்டவள் நான். வெட்டுகிறவளோ இதையே தொழிலாகச் செய்கிறவள். எங்களுக்கா துணியைப் பற்றிச் சொல்லித் தர வேண்டும்?

ட்ரேயிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் இருபது துண்டை ஒன்றாக அடுக்கி, விரலால் அளந்து, ஒரே வெட்டு. அளவெடுத்துச் செய்தது மாதிரி குழாயைச் சுற்றி உட்கார்ந்தது. கணேசன் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். "பலே ஆளுட்டி நீ," என்றேன். மிச்சத் துண்டுகளை அவியவைத்துச் சுத்தம் செய்து நானே டப்பாவில் அடுக்கினேன்.

இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. தோல் சிவப்புக்கூடக் குறைந்தது. எஸ்தர் சிஸ்டர் வந்ததும் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் கணேசன் மூச்சில் ஒரு சின்ன விசில் இருந்தது. மெஷின் வைத்து உறிஞ்சினேன், நின்றுவிட்டது. 'சளி எடுக்கப்பட்டது, சீராக இருக்கிறார்' என்று எழுதினேன். அந்த வரியை என்னால் இன்றைக்கும் அதே கையெழுத்தில் நினைத்துப் பார்க்க முடிகிறது.

பகல் இரண்டு மணி. டாக்டர் கீழே தியேட்டரில் ஆபரேஷனில் இருந்தார். பேச்சியம்மாள் மூக்குக் குழாயில் ஊற்றுகிற கஞ்சியை வாங்கக் கேண்டீனுக்குப் போயிருந்தாள். நான் மேஜையில் டெம்பரேச்சர் சார்ட் எழுதிக்கொண்டிருந்தேன். டம்ளர் சத்தம் கேட்டது. கணேசன் கூப்பிட்டால் நிதானமாக மூன்று தட்டுத் தட்டுவார். இது அப்படியில்லை, கடகடவென்று தாறுமாறாகக் கேட்டது. பிறகு டம்ளர் தரையில் விழுந்து உருண்டது. நான் ஓடினேன்.

கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்து நரம்பெல்லாம் இழுத்துக்கொண்டு, காறை எலும்புக்கு மேலே குழி விழுந்து, வாய் திறந்து திறந்து மூடியது. சத்தமே இல்லை. குழாய் முன்னால் உள்ளங்கையை வைத்தேன். காற்றுப் படவில்லை.

உள்குழாயை உருவினேன். அதில் பெரிதாக ஒன்றுமில்லை, அப்போதும் மூச்சு வரவில்லை. ஆயாவைத் தியேட்டருக்கு ஓடச் சொன்னேன். மெஷினைப் போட்டு ரப்பர் குழாயை விட்டேன். கொஞ்ச தூரம் போய், வெளிக்குழாயின் முனையைத் தாண்டியதும் எதிலோ முட்டி நின்றது. இரண்டு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டு மறுபடி விட்டேன். மறுபடியும் அங்கேயே முட்டியது. கணேசன் என் முழங்கையைப் பிடித்தார். உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. அவர் கண் என்னையே பார்த்தது. அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை, எழுதவும் வேண்டாம்.

வெளிக்குழாயை டாக்டர்தான் மாற்ற வேண்டும், நர்ஸ் தொடக்கூடாது. எங்கள் ஆஸ்பத்திரிச் சட்டம் அது. எடுத்தால் துளை சுருங்கிக்கொள்ளலாம், திரும்ப வைக்க முடியாமலே போகலாம், அந்த ஆள் என் கையிலேயே போய்விடலாம். எடுக்காவிட்டால் இன்னும் ஒரு நிமிடத்தில் எப்படியும் போய்விடுவார். நாடாவை அறுத்தேன். குழாயை உருவி எடுத்தேன்.

துளையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. தலைமாட்டுப் பெட்டியைப் பார்க்காமலே கை போய் இடுக்கியை எடுத்தது. துளையை விரித்துப் பிடித்தேன். "இருமுங்க, இருமுங்க," என்று கத்தினேன். அவர் உடம்பு முழுக்க ஒரு தடவை முறுக்கிக்கொண்டது. ஏதோ ஒன்று தெறித்து என் ஏப்ரனில் வந்து ஒட்டியது. அதற்குப் பின்னாலேயே காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது.

அதே அளவுக் குழாய் போகவில்லை. சின்னக் குழாயை வைத்தேன், போனது. நாடாவைக் கட்டினேன். மூன்று மூச்சு, நாலு மூச்சு. உதட்டில் நிறம் திரும்பியது. அதற்குப் பிறகுதான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

நிமிர்ந்தால் வாசலில் பேச்சியம்மாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. குழாய் இல்லாத வெறும் துளையை அவள் பார்த்திருக்கிறாள். கையிலிருந்த சூடு கஞ்சி சிந்திப் பாதத்தில் வழிந்துகொண்டிருந்தது, அது அவளுக்கு உறைக்கவில்லை. கிட்டே வந்து, என் ஏப்ரனில் ஒட்டியிருந்ததைக் கையால் எடுத்தாள். புளியங்கொட்டை அளவுக்குக் காய்ந்து கறுத்த சளி. இரண்டு விரலால் பிரித்தாள். உள்ளேயிருந்து ஒரு இழை நீண்டு வந்தது.

"இது நம்ம நூலுல்லா, சிஸ்டர்."

"சளிம்மா. வெறும் சளி. போய்க் கையைக் கழுவு," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்த நூலை நாள் முழுக்கத் தொடுகிறவளிடம் போய் நான் சளி என்று சொன்னேன்.

டாக்டர் ஓடி வந்து பார்த்துவிட்டு, நான் செய்தது சரிதான் என்றார். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். வெளியே வந்ததைப் பாட்டிலில் போட்டு வைக்க வேண்டும் என்பது முறை, போட்டு வைத்தேன். மறுநாள் காலையில் எஸ்தர் சிஸ்டர் வந்தார். பாட்டிலில் இருந்ததை இடுக்கியால் எடுத்து, பழைய எக்ஸ்ரே படம் ஒன்றின்மேல் வைத்து, தண்ணீர் விட்டுப் பிரித்தார். கறுப்புப் படத்தின்மேல் வெள்ளை வெள்ளையாக ஒன்பதோ பத்தோ இழைகள் கிடந்தன. டப்பாவைத் திறந்து வெட்டிய துண்டுகளைப் பார்த்தார்.

"வெட்டுனது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சியம்மாள் முன்னால் வந்தாள். "நாந்தாம்மா. நாந்தான் வெட்டுனேன்."

எஸ்தர் சிஸ்டர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் ட்ரேயிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துத் தலைமாட்டுப் பெட்டிக்குள் போட்டார். நாடா அறுக்க மட்டும்தான் இனி அது என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பயம், வேறென்ன. வேலை போய்விடும் என்ற பயம். கணேசனுடைய சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார்கள், என் அப்பாவின் தறிக்கூடம் வரைக்கும் பேச்சுப் போகும் என்ற பயம். நோயாளிக்காகப் பயந்தவரைக்கும் நான் நல்ல நர்ஸ். எனக்காகப் பயப்பட ஆரம்பித்ததும் என்ன ஆனேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்குப் பிறகு பேச்சியம்மாள் கணேசனின் கழுத்துப் பக்கமே போகவில்லை. உள்குழாயைக் கழுவ வரச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்வாள். சரியாகச் சாப்பிடவில்லை, கன்னம் ஒட்டிப்போனது. கணேசன் சைகையில் கூப்பிடுவார், சிரிப்பார், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். அவள் கட்டிலின் கால்மாட்டிலேயே நிற்பாள்.

இரண்டு வாரம் இப்படிப் போனது. டாக்டர் அவளைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை மதுரைக்குக் கரண்டு வைத்தியத்துக்குப் போக வேண்டும், அது முடிந்ததும் வீட்டுக்குத்தான், குழாய் இனி எப்போதும் இருக்கும், வீட்டில் யாராவது ஒருவர் தினம் சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்றார். வீட்டில் அவளைத் தவிர ஆள் கிடையாது.

"அவியளை இங்கயே வச்சுக்கிடுங்க சார். என் கை பட்டா அவிய செத்துப்போவாவ," என்றாள்.

கணேசன் சிலேட்டில் 'வீடு' என்று எழுதிக் காட்டினார். அவள் சிலேட்டைத் திருப்பி வைத்துவிட்டாள்.

கழுவாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காற்றில், அந்தப் பஞ்சுத் தூசி பறக்கிற ஊரில், இரண்டே நாளில் அடைக்கும். அங்கே மெஷினும் கிடையாது, பெட்டியும் கிடையாது. கண்ணை மூடினால் அந்த டம்ளர் உருள்கிற சத்தம்தான்.

வியாழக்கிழமை காலையில் கை கழுவுகிற இடத்தில் எஸ்தர் சிஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவளுக்கு நீதான் சொல்லிக்குடுக்கணும்."

"அவ தொடவே மாட்டேங்கா சிஸ்டர்."

"ஏன் தொட மாட்டேங்கான்னு உனக்குத் தெரியும்லாட்டி," என்றார். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

பத்து மணி இருக்கும். கணேசன் கட்டிலில் சாய்ந்திருந்தார், பேச்சியம்மாள் கால்மாட்டில். நான் ட்ரேயைக் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"பேச்சி, அந்தத் துணியை வெட்டக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். மொதல்லயே தெரியும். உனக்குத் தெரியாது. கத்தரிக்கோலை எடுத்து உன் கையில குடுத்தது நான். வந்தது நூல்தான், சளி இல்ல. தப்பு உன் கையில இல்ல, என்கிட்டதான்."

அவள் என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"தெரியுமா?"

"தெரியும்."

"பதினாறு நாளா நான் சோறு திங்கல. எம் புருசனை நானே கொல்லப் பாத்தேன்னு கோயில் வாசல்ல போயி விழுந்து கெடந்தேன். நீங்க தெனம் வந்து ஊசி போட்டுட்டு, சாப்ட்டியான்னு வேற கேட்டுட்டுப் போனீக. தெரிஞ்சுக்கிட்டேவா கேட்டீக? நீங்கள்லாம் ஒரு பொம்பளையா?"

அவள் அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அடிக்கவில்லை. விறுவிறுவென்று போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், முழங்கை வரைக்கும். திரும்பி வந்து கணேசனின் கழுத்தில் கை வைத்து உள்குழாயைத் திருகி உருவினாள். கழுவினாள், வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தாள், உதறித் திரும்பச் செருகினாள். காஸை நீளவாக்கில் மடித்து இரண்டு பக்கமும் சொருகினாள். அவளுக்கு வந்திருந்த கோபத்தில் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இனிமே இவியகிட்ட நீங்க வராதீக. வேற ஆளை அனுப்புங்க," என்றாள்.

நடந்ததை அந்த வியாழக்கிழமையே நான் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன். வேலை போகவில்லை. ஆறு மாதம் என்னைத் தனியாக அந்த வார்டில் விடவில்லை, அவ்வளவுதான்.

நாலு வருடம் மாதம் ஒரு தடவை அவர்கள் குழாய் மாற்ற வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் பேச்சியம்மாள் என்னைத் தாண்டிப் போய் வேறு நர்ஸைக் கூப்பிடுவாள். கணேசன் மட்டும் தூரத்திலிருந்தே எனக்குக் கட்டைவிரலைக் காட்டுவார், அவள் அவர் கையைத் தட்டிவிடுவாள். அவர் கழுத்தைப் பார்ப்பேன். தோலில் ஒரு சிவப்பு இருக்காது. இருந்தாலும் அவர்கள் வர ஒரு நாள் தாமதமானால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அடைத்துவிட்டதோ, கத்த முடியாமல் கிடந்தாரோ, அவள் வெளியே போன நேரமாக இருக்குமோ என்று மனசு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும்.

ஐந்தாம் வருடம் ஒரு மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. விசாரிக்க எனக்குத் தைரியம் இல்லை.

பிறகு ஒரு காலையில் பேச்சியம்மாள் மட்டும் வந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. வழக்கமாகக் கூப்பிடுகிற நர்ஸ் எதிரே வந்து, என்னம்மா என்று கேட்டாள். பேச்சியம்மாள் அவளைத் தாண்டி நேராக என் மேஜைக்கு வந்து நின்றாள். நான் எழுந்துவிட்டேன்.

"அவிய போயிட்டாவ, சிஸ்டர். கட்டி பரவிருச்சுன்னு மதுரையில முன்னமே சொல்லிட்டாக," என்றாள். "அன்னைக்குக் காலையில குழாயைக் கழுவிப் போட்டேன். என் கையைப் புடிச்சுக்கிட்டே இருந்தாவ. மூச்சு முட்டல. கொஞ்சம் கொஞ்சமாக் கொறைஞ்சு, அப்படியே நின்னுபோச்சு. பொறவு உருவிப் பாத்தேன், உள்ள ஒரு பொட்டுச் சளி இல்ல. குழாய் சுத்தமா இருந்துச்சு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

"ஊருல எல்லாரும் வந்து அழுதாவ. யார்கிட்டயும் இதைச் சொல்லல. சொன்னா அவியளுக்கு என்ன வெளங்கும்? அதான் பஸ் ஏறி உங்ககிட்ட வந்தேன்."